நம்பர் போட்ட காடு

வால்பாறைக்குப் போய் வந்தேன் என்றால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "வாந்தி எடுத்தீங்களா?" என்பதுதான். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். அதில் ஆழியாறு தாண்டியதும் வரிசையாக 40 கொண்டை ஊசி வளைவுகள். கேட்கத்தான் செய்வார்கள்!

போக நினைக்கும் சகோதரிகளுக்கு முதலில் அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றோடு மலை ஏறக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். பஸ்ஸில் முன்பக்கமாக உட்கார்ந்து, கண்ணைப் பாதையிலேயே வைத்திருக்க வேண்டும். குழந்தைகளிடம் செல்போனைக் கொடுத்தால் தொலைந்தது. கையில் ஓர் எலுமிச்சம் பழம். இவ்வளவுதான். ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்று பாருங்கள். கீழே ஆழியாறு அணை தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மேல் வரையாடு நிற்கும். நான் போனபோது இரண்டு நின்றன. ஃபோட்டோ பிடிக்கிறவர்களை அவை லட்சியமே செய்யவில்லை.

நான் போனது தேயிலைத் தோட்டம் பார்க்க அல்ல. என் தங்கை மகள் தாவரவியல் படித்தவள். போன மார்கழியில் அங்கே ஒரு சீசன் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு மாதத்து வேலை. என்ன வேலையம்மா என்றால், "நட்ட காட்டைக் கணக்கெடுக்கிற வேலை பெரியம்மா" என்கிறாள். தங்கைக்குப் புரியவும் இல்லை, தூக்கமும் இல்லை. "அட்டையும் யானையும் இருக்கிற இடத்துல வயசுப் பொண்ணுக்கு என்னக்கா கணக்கு? நீ போய் நாலு நாள் இருந்து பார்த்துட்டு வா" என்று என்னை அனுப்பி வைத்தாள். எனக்கும் பார்க்க ஆசைதான்.

வால்பாறையின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். மேலே ஏறியதும் சுமார் 3,500 அடி உயரத்தில் மலையே ஒரு மேடைபோல் விரிகிறது. ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் வெள்ளைக்காரத் துரைமார் வந்து காப்பி போட ஆரம்பித்தார்கள், பிறகு தேயிலை. அதற்காக வெட்டியது சாதாரணக் காடு அல்ல. வருஷம் முழுக்கப் பச்சை மாறாத மழைக்காடு. தேயிலை போட முடியாத சரிவிலும் ஓடைக்கரையிலும் மட்டும் துண்டு துண்டாக மிஞ்சியது. அந்தத் துண்டுகளை உள்ளூரில் சோலை என்கிறார்கள். சுற்றிலும் பெரிய காடு இருக்கிறது. 1976-ல் சரணாலயமாகி, 1989-ல் அதன் முக்கியப் பகுதிகள் இந்திரா காந்தி தேசியப் பூங்காவாகி, 2007-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகம் ஆனது இந்தப் பக்கம். பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள் கேரளத்துப் பக்கம். நடுவில் தேயிலைக் கடல், அதில் தீவு தீவாகச் சோலை. யானை, சிங்கவால் குரங்கு, இருவாச்சிப் பறவை எல்லாம் இந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போகின்றன, வருகின்றன.

நமக்கு இதில் என்ன என்று கேட்டால், தண்ணீர் இருக்கிறது. சோலையாறும் நீராறும் ஆழியாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து வாய்க்காலில் எங்கள் பக்கத்துத் தென்னைக்கு வருகிற தண்ணீர் இங்கே பெய்த மழைதான்.

அப்படி மிஞ்சிய சோலைகளும் சீரழிந்து கிடந்தன. விறகுக்கு வெட்டியது, நடுவில் காப்பி போட்டது, உண்ணிச்செடி புகுந்து மூடியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் என்ற விஞ்ஞானத் தம்பதி, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் மூலம், எஸ்டேட்காரர்களோடு பேசி, இந்தச் சோலைகளைத் திரும்ப வளர்க்க ஆரம்பித்தார்கள். களையை எடுத்து, அந்த மலைக்கே உரிய மரக்கன்றுகளைப் பல ஜாதியாகக் கலந்து நடுவது. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், நாவல்... எனக்கு நினைவிருப்பது இவ்வளவு. நடுவது ஜூன், ஜூலையில், தென்மேற்கு மழை பிடித்ததும். மழை எல்லாம் ஓய்ந்த பிறகு எது பிழைத்தது, எது போயிற்று என்று பார்ப்பதுதான் என் தங்கை மகள் சேர்ந்திருந்த மாதிரி வேலை.

முதல் நாள் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். பல்லைக் கிட்ட வைக்கும் குளிர். முழங்கால் வரை துணியில் தைத்த அட்டைக் காலுறை எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தாள். பேன்ட்டை உள்ளே விட்டு நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆமாம், இந்த வயதில் நானும் பேன்ட் போட்டேன், சிரிக்காதீர்கள். சேலையோடு அந்த ஓடையில் இறங்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும்! அட்டை கடித்துவிட்டால் பிடித்து இழுக்கக் கூடாது. ஒட்டியிருக்கிற மெல்லிய முனையை நகத்தால் நெருடினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அதனால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். கழுவித் துடைத்து அழுத்திப் பிடித்தால் போதும்.

உடன் வந்தவர் காடர் சமூகத்துப் பெரியவர் ஒருவர். இந்த ஆனைமலைக்கே பூர்வீகக் குடிகள் காடர்கள். அவர் முன்னால் நடந்தார். இன்னொரு எஸ்டேட் பெண், எழுதும் அட்டையும் பென்சிலும் வைத்திருந்தாள். மழை பட்டால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும் என்றாள்.

சோலைக்குள் போனதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் பச்சை. எது நட்டது, எது தானாக வந்தது? பெரியவர் குனிந்து ஒரு செடியின் அடியில் இலையை விலக்கிக் காட்டினார். சின்ன அலுமினியத் தகடு, அதில் நம்பர், கம்பியால் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு நம்பர்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகைப் பதிவேடு மாதிரி. இவள் நம்பரைப் படிக்கிறாள், அவள் தாளில் தேடுகிறாள். அளவுக் கம்பை வைத்து உயரம், கேலிப்பரால் தூரின் கனம், இலையை மான் கடித்திருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா. மரமாகிவிட்டதற்குத் தையற்காரர் டேப் போன்ற நாடாவால் சுற்றளவு, அதுவும் தரையிலிருந்து சரியாக 1.3 மீட்டர் உயரத்தில். பவுடர் டப்பாக் கண்ணாடி மாதிரி கட்டம் கீறிய ஒரு கண்ணாடி வைத்திருந்தாள். அதைக் கையில் ஏந்திக் குனிந்து பார்த்தால் மேலே உள்ள இலைக்கூரை அதில் விழும். எத்தனை கட்டத்தில் ஆகாயம் தெரிகிறது என்று எண்ணினால், நிழல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கண்ணாடிதான். நானும் எண்ணினேன். அவள் எண்ணியதற்கும் நான் எண்ணியதற்கும் இரண்டு கட்டம்தான் வித்தியாசம்.

நேரம் போனது அளப்பதில் அல்ல, தேடுவதில். ஒரு நம்பர் கிடைக்கவில்லை. செடியும் இல்லை, தகடும் இல்லை. நால்வரும் மண்டியிட்டு இலைச் சருகைக் கிளறினோம். "இல்லைன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே கண்ணு?" என்றேன்.

"செத்துப்போச்சுன்னு எழுதறதும் காணோம்னு எழுதறதும் ஒண்ணில்லை பெரியம்மா. காஞ்ச குச்சியும் தகடும் கெடைச்சாத்தான் செத்தது. ஒண்ணுமே கெடைக்கலைன்னா காணோம். அடுத்த வருஷம் வர்றவங்க மறுபடி தேடுவாங்க. போன வருஷம் காணோம்னு எழுதினது ரெண்டு, இந்த வருஷம் கெடைச்சிருக்கு."

இன்னோர் இடத்தில் தகடு இருந்தது, குச்சியும் காய்ந்து நின்றது. எழுதப் போனாள். நான் வழக்கம்போல் கட்டைவிரல் நகத்தால் அடித்தண்டில் கீறிப் பார்த்தேன். கோடையில் கறிவேப்பிலை காய்ந்தால் பிடுங்குவதற்கு முன் நாமெல்லாம் செய்கிறதுதானே. தோலுக்கு அடியில் பச்சை! பெரியவர் சிரித்தார். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார், தூரில் கடுகளவு முளை இருந்தது. தாளில் "உயிர்" என்று ஏறியது.

இரண்டாம் நாள் போன இடம் அவ்வளவு நன்றாக இல்லை. புல் மண்டிய வெட்டவெளி, ஒரு காலத்தில் முழுக்க வெட்டிய இடமாம். அங்கே நட்டதில் பெரும்பாலும் குச்சி குச்சியாகத்தான் நின்றது. நம்பர் படிப்பாள், செத்தது. அடுத்தது, செத்தது. அதற்கடுத்தது, காணோம். நான்கு மணி நேரம் இப்படி. எழுதுகிற பெண்ணின் முகமே வாடிவிட்டது. எனக்கே மனசு கனத்தது, நாமா நட்டோம்? ஆனால் இவள் குரல் மாறவில்லை. முதல் நாள் சோலையில் படித்த அதே குரலில் படித்துக்கொண்டே போனாள்.

எங்கள் ஊர் விழா ஒன்று நினைவுக்கு வந்தது. மேடை போட்டு, மாலை போட்டு, வரிசையாகப் புங்கன் நட்டார்கள். எத்தனை நட்டோம் என்ற கணக்கு மறுநாளே எல்லாருக்கும் தெரிந்தது. இப்போது அந்த வரிசையில் இரும்புக் கூண்டுகள் மட்டும் நிற்கின்றன. அதில் எத்தனை பிழைத்தது என்று எழுதி வைத்த தாள் எந்த ஊரில் இருக்கிறது சொல்லுங்கள்?

"இந்தத் தாள் இருக்கறதாலதான் இங்கே எதை நடக் கூடாதுன்னு தெரியுது" என்றாள் மதியம் டப்பாவைத் திறந்தபடி. (எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். நான்தான் கட்டினேன்.) வெடிப்பலா போன்றவை நிழல் கேட்கும் பிள்ளைகள். வெட்டவெளியில் வைத்தால் வெயிலும் புல்லும் தின்றுவிடும். வட்டக்கண்ணி போன்ற வெயில் தாங்குகிற மரம் முதலில் வந்து குடை பிடித்தால், அடியில் மற்றது பிழைக்கும். ஆள் வைத்து நடுவானேன், காட்டை அதன் போக்கில் விட்டால் போதாதா என்று கேட்கிறவர்களும் உண்டாம். அதற்கும் அளந்துதான் பார்த்திருக்கிறார்கள். நட்டு 7 முதல் 15 வருஷமான இடங்களையும், சும்மா விட்ட இடங்களையும், கைபடாத காட்டையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். நட்ட இடங்களில் நிழலும் மர வகைகளும் மரத்தில் சேர்ந்த கரியும் சும்மா விட்டதைவிட நன்றாகத் தேறியிருந்தன. பெரிய காட்டிலிருந்து எட்டியிருக்கிற துண்டுகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

காரணம், விதை கொண்டுவர ஆள் வேண்டும். ஆள் என்றால் பறவை. மழைக்காட்டுப் பெரிய மரங்களின் விதைகளில் பல, இருவாச்சி போன்ற பெரிய பறவை விழுங்கிக் கக்கினால்தான் தூரம் போகும். அதன் குடும்பக் கதையைப் பெரியவர் சொன்னார், கேளுங்கள். குஞ்சு பொரிக்கும் காலம் வந்தால் பெண் பறவை பெரிய மரத்துப் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் மண்ணாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளிதான் விடும். மூன்று நான்கு மாதம் உள்ளேயே வாசம். ஆண் பறவைதான் அத்திப்பழமும் பூச்சியும் சுமந்து வந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்துதான். அப்படிப் பொந்து விழ, மரம் கிழமாக வேண்டும். நட்டு இருபது வருஷமான மரம் நிழல் தரும், பழம் தரும். பிரசவ அறை தராது. ஆகவே நிற்கிற கிழமரம் ஒன்றைக்கூட விடக் கூடாது என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ரயில் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். இருவாச்சியின் இறக்கைச் சத்தமேதான். அண்ணாந்து பார்ப்பதற்குள் போய்விட்டது.

இத்தனையும் கேட்டுவிட்டு லயன் வீட்டில் இருக்கிற அக்காவிடம் பேசினேன். தேயிலை கிள்ளுகிறவர். அவர் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "சோலை வளர்ந்தா யானையும் வரும்ல? ரேஷன் கடையை உடைச்சு அரிசி தின்னுட்டுப் போறது எங்க லயன்லதானே?" என்றார். சிறுத்தை குழந்தையைத் தூக்கிய கொடுமையும் வால்பாறையில் நடந்திருக்கிறது. பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. பொழுது சாய்ந்தால் அங்கே ஒரு பிள்ளையையும் வாசலில் விடுவதில்லை.

யானைக்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். அருகில் யானை இருந்தால் பக்கத்துக் குடியிருப்புகளின் செல்போனுக்குச் செய்தி வரும். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியும், ஊர்க்காரர்களே செல்போனிலிருந்து அதைப் போடலாம். 2011-லிருந்து நடக்கிறது இது. நான் இருந்த மூன்றாம் இரவு எதிர் மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா வீட்டு ஆள் சொசைட்டிக்குப் போக எடுத்த செருப்பைத் திரும்பக் கழற்றிப் போட்டார். சோலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யானைக்கு இது நடைபாதைதான், பகலில் ஒதுங்கச் சோலை இருந்தால் தேயிலைக்குள் நிற்காது என்று என் மகள் சொன்னாள். அக்கா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது.

வயதுப் பெண்கள் இருக்கிற வீட்டுக்காக ஒரு விஷயம். இந்த மாதிரி வெளிவேலைக்குப் போகிற பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. சாயங்காலம் தலைவலி, நாளடைவில் நீர்க்கடுப்பு. இவளும் அரை பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தாள், பிடித்துக்கொண்டேன். துணைக்கு ஒரு பெண்ணோடு போ, கம்பு தட்டிக்கொண்டு போ, தண்ணீரை மட்டும் குறைக்காதே என்றேன். மாதவிலக்கு நாட்களுக்கு மூடி இறுக்கமான ஒரு சின்ன டப்பா கொண்டுபோனால், உபயோகித்ததைக் காட்டில் போடாமல் திரும்ப எடுத்து வரலாம். இன்னொன்று. காட்டிலிருந்து வந்த இரண்டு வாரத்துக்குள் விடாத காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருத்த பொருக்குப் போன்ற புண் இருந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருவகைப் பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல் அது. நேரத்தோடு பார்த்தால் மாத்திரையிலேயே கேட்கும்.

பள்ளத்தாக்கின் மறுபுறம் டாப்ஸ்லிப் இருக்கிறதே, நீங்கள் போயிருப்பீர்கள். வெட்டிய தேக்கை மலையிலிருந்து சறுக்கி விட்டதால் அந்தப் பேர். கப்பலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் என்று தேக்கை மொட்டையடித்த பிறகு, 1915 வாக்கில் ஹியூகோ உட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி வந்து, வெட்டிய அடிமரத்தைத் துளிர்க்க விட்டும் விதை போட்டும் அந்தத் தேக்கங்காட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். பை நிறைய விதையோடு நடப்பாராம், கைத்தடியால் குழி குத்திப் போடுவாராம். 1933-ல் காலமானவர், சமாதி அங்கேயே தேக்குகளுக்கு நடுவில். பெரிய மனிதர்தான். ஆனால் அது தேக்கு ஒன்றே ஒன்று. இங்கே ஒரு சோலைக்குள் எத்தனை ஜாதி என்று எண்ணி எண்ணி இவர்களுக்கு முதுகு வளைகிறது.

கடைசி இரவு நானே கேட்டுவிட்டேன். "நாலு மாசம் முடிஞ்சா?"

"அடுத்த சீசன் வரைக்கும் வேற எங்காவது பார்க்கணும் பெரியம்மா. கொடுத்தா மறுபடி இங்கேயே வருவேன்."

"உங்கம்மா மாப்பிள்ளை பார்க்கறா."

"பார்க்கட்டும். மார்கழி, தையில மட்டும் கல்யாணத் தேதி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

மார்கழியில் யார் தேதி வைப்பார்கள், தைதான் சங்கடம் என்றேன். சிரித்தாள். தங்கையிடம் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது, எட்டு மணிக்கே தூங்குகிறது, கூட இருக்கிறவர்கள் நல்லவர்கள், சம்பளம் குறைவு. "அட்டை கடிச்சுதா?" என்றாள் தங்கை. கடித்தது என்றேன்.

மறுநாள் என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் ரோட்டோரத்து மரம் ஒன்றின் அடியில் விதைகள் விழுந்து கிடந்தன. பேர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. ரோட்டில் கிடந்தால் வண்டி நசுக்கிவிடுமாம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துப்பட்டா முனையில் முடிந்தாள். ஒன்று இரண்டு எனக்குத் தா, வீட்டில் போட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, "பொள்ளாச்சி வெயில்ல வராது பெரியம்மா" என்றாள். மழைக்காட்டு விதைகளில் பல நெல், அவரை மாதிரி டப்பாவில் போட்டு வைக்கிறதல்ல, காய்ந்தால் செத்துப்போகும். அன்றைக்கே நாற்றுப் பண்ணையில் சேர்த்தாக வேண்டும். அதனால் பஸ் கிளம்பும் வரை அவள் நிற்கவில்லை.